நிழல் இருக்கும் இடத்தில் ஒரு கிளி

— அந்தக் கிளி எப்படிச் செத்துச்சுன்னு சொன்னீங்களே, அத மட்டும் இன்னொரு தடவ சொல்றீங்களா தம்பி?

— அம்மா, குரூப்பே கிளம்பிப் போயாச்சு. நீங்க மட்டும் இன்னும் இங்கயே நிக்கிறீங்க. பஸ்ஸ விட்டுட்டீங்கன்னா கைடு மேல குத்தம் சொல்லக் கூடாது, ஆமா.

— நான் அவங்களோட வரல தம்பி. தனியாத்தான் வந்தேன். கைடு இல்லாம இந்தப் பக்கமெல்லாம் விட மாட்டோம்னு டிக்கெட் கவுண்டர்ல சொல்லிட்டாங்க. அதான் உங்க கும்பலோட ஒட்டிக்கிட்டேன். வேற ஒண்ணுமில்ல.

— அப்படிப் போடுங்க! ஒட்டிக்கிட்டு வந்த நீங்கதான் கூட்டத்துலயே ஒழுங்கா கேட்டவங்க. மத்தவங்க எல்லாம் போன நோண்டிக்கிட்டு இருந்தாங்க. அடுத்த குரூப் வர்ற வரைக்கும் நான் சும்மாதான் இருக்கேன். உக்காருங்க. அந்தக் கல்லு மேலயே உக்காருங்க, பரவால்ல. எல்லாரும் அதுலதான் உக்காந்து போட்டோ எடுப்பாங்க.

— இல்ல தம்பி, நான் நிக்கிறேன்.

— உங்க இஷ்டம். சரி, கவனிங்க. பெரிய கோபுரத்தக் கட்டி முடிச்சானே, அந்த ராஜா. மாமனார் கீழ் மாடியோட போய்ச் சேர்ந்துட்டாரு. மிச்ச மாடியெல்லாம் மருமகன் கட்டினது. மாமனார் ஆரம்பிச்ச வேலைய முகம் சுளிக்காம முடிச்சுக் குடுத்த மருமகன் உலகத்துலயே அவன் ஒருத்தன்தான்னு சொல்வேன், எல்லாரும் சிரிப்பாங்க. நீங்க சிரிக்கல. கவனிச்சேன்.

— சிரிச்சேன் தம்பி. உள்ளுக்குள்ள.

— சும்மா சொல்லாதீங்க. சரி. அந்த ராஜா ஒரு கிளி வளர்த்தான். ராத்திரி தலைமாட்டுலயே கூண்டு. ராஜா யானைப் படைக்குப் பயப்பட மாட்டான், இடிக்குப் பயப்படுவான். கட்டின சூட்டோட கோபுரத்து உச்சியில இடி விழுந்துச்சே, அதுலருந்து அப்படி. வானம் லேசா உறுமினாப் போதும், போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டு 'அம்மா, அம்மா, கதவச் சாத்து'ன்னு அலறுவான். கிளி கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு நாள் சபை நிறைஞ்சிருக்கு. வெளிநாட்டுத் தூதன் வந்து நிக்கிறான். ராஜா வாளத் தரையில ஊன்றிக்கிட்டு வீரம் பேசறான். வெளிய ஒரு சின்ன உறுமல். உடனே நம்ம கிளி, ராஜாவோட குரல்லயே, 'அம்மா, அம்மா, கதவச் சாத்து!' சபையே கொல்லுன்னு சிரிச்சிடுச்சு.

— அதுக்காகவா?

— அதுக்காகத்தான். கோபத்துல இல்ல, கவனிங்க. வெக்கத்துல. வெக்கம் தாங்காம கூண்டுக்குள்ள கைய விட்டான், கழுத்தப் புடிச்சான், ஒரே திருகு. இந்த இடத்துல நான் கைய இப்படித் திருகுவேன். அந்தச் செவுத்துக்குப் பின்னாலருந்து நம்ம விசில் ஒரு சத்தம் குடுப்பான். விசில்னா கேட்டு வாட்ச்மேன். கல்லு மேல ஏறுறவங்கள ஊதி ஊதி இறக்குறதுனால அந்தப் பேரு. 'கீ'ன்னு ஒரு சத்தம்! பசங்கல்லாம் துள்ளிக் குதிக்கும். இந்த டூருக்கே அதுதான் உச்சம்.

— ஒரு சின்னப் பொண்ணு அழுதுச்சு.

— ஒண்ணு ரெண்டு அழும். அப்புறம் ராஜாவுக்கு மனசு கேக்கல. இந்தச் சமாதியக் கட்டி வச்சான். கிளிக்கு எதுக்கு இவ்ளோ நீளம்னு யாராவது ஒரு புத்திசாலி கேப்பான். கூண்டோட புதைச்சாங்கன்னு சொல்லி வாய அடைச்சிடுவேன்.

— கூண்டோட.

— அந்த மரம் சாஞ்சு நிக்குது பாருங்க. கிளிக்காக இன்னும் தலை குனிஞ்சு நிக்குதுன்னு சொல்வேன். அதுக்கு நல்ல கைதட்டல் வரும்.

— நல்லா சொல்றீங்க தம்பி. குரல் கணீர்னு இருக்கு.

— கத்திக் கத்தி ஆனதும்மா. வீட்டுல குழம்புல உப்பு கம்மின்னு சொன்னாக்கூட, மேடையில பேசற மாதிரி பேசாதீங்கங்கறா பொண்டாட்டி. ஆமா, நான் உங்கள ஒண்ணு கேக்கணும். கடைசியில எல்லாரையும் குனிஞ்சு இந்தக் கல்லுக்கிட்ட ஒரு ரகசியம் சொல்லச் சொல்வேன்ல? 'கிளிக்கு இப்ப புத்தி வந்திடுச்சு, இனிமே யாருக்கும் சொல்லாது'ன்னு. எல்லாரும் சும்மா குனிஞ்சு எழுந்திருப்பாங்க. நீங்க முட்டி போட்டு ரொம்ப நேரம் பேசினீங்க. பின்னாடி நின்ன தொப்பிக்காரர்கூட, 'அம்மா, எங்க ரகசியத்துக்கும் கொஞ்சம் இடம் விடுங்க'ன்னாரே. அப்படி என்னம்மா? மருமகளப் பத்தியா?

— ரகசியமெல்லாம் இல்ல தம்பி. 'அக்கா வந்திருக்கேன்'னு சொன்னேன்.

— என்னது?

— 'அக்கா வந்திருக்கேன். இத்தன வருசமா வராம இருந்துட்டேன், கோச்சுக்காத'ன்னு சொன்னேன். அவ்ளோதான்.

— கிளிக்கிட்டயா?

— என் தங்கச்சிக்கிட்ட.

— அம்மா, வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டீங்க. தண்ணி இருக்கு, ஒரு வாய் குடிங்க.

— வெயில் எங்க தம்பி, நிழலாத்தான இருக்கு. எனக்கு ஒண்ணும் ஆகல. பதறாதீங்க. நாங்க இங்கதான் இருந்தோம். இந்தச் சுத்துச் செவுத்துக்குள்ள. ஒரு ஊரே இருந்துச்சு. நீங்க அப்ப பொறந்திருக்க மாட்டீங்க.

— இதுக்குள்ளயா?

— பெரிய சமாதி எங்க வீடு. ராஜாவுக்குத் தலைமாட்டுல எங்க அடுப்பு. அந்தக் காலத்துல மாணவர்கள் தங்கிப் படிச்ச அறைன்னு ஜன்னல் இல்லாத அறைங்களக் காட்டினீங்களே, அதுல ஆடு கட்டுவாங்க. மொட்டைக் கோபுரத்துக்குள்ள சித்தப்பா குடும்பம். மேல மூடவே இல்லையா, மழை வந்தா சித்தி பாத்திரத்தத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு ஓடி வரும். ஒரு கூரை போட வக்கில்லையான்னு சித்தப்பாவோட சண்டை. 'இத மூட முடியாமத்தான் ராஜாவே செத்தாரு, நான் எம்மாத்திரம்'பாரு அவரு.

— பெரிய கோபுரத்தப் போல ரெண்டு மடங்கு கட்டறேன்னு பின்னால வந்து ஆரம்பிச்ச வேற ராஜா அவரு. அவருக்குப் பேராசைன்னு நான் பேசுவேன்.

— கேட்டேன். சித்தப்பா ஞாபகம் வந்திடுச்சு.

— ஜனங்க இருந்தாங்கன்னு நானும் கேள்விப்பட்டிருக்கேம்மா. ஏதோ கொஞ்ச பேரு, கொஞ்ச நாளு வந்து ஒதுங்கினாங்கன்னு...

— உங்க பேச்சுல நாங்க வரவே இல்ல தம்பி. ராஜா கட்டினாரு, எதிரி வந்து கொளுத்தினான், அப்புறம் காடு மண்டிப் போச்சு, அப்புறம் தொல்பொருள் இலாகாக்காரங்க வந்து சுத்தம் பண்ணினாங்கன்னீங்க. காடு மண்டின காலத்துலதான் நான் பொறந்தேன்.

— ஐயோ. அப்ப, எதிரி கொளுத்தினான்னு பெரிய சமாதி மேக்கூரையில கரியக் காட்டினேனே. அது?

— அது எங்கம்மா சமைச்ச கரி. விறகு எப்பவும் ஈரமாத்தான் கிடைக்கும். அம்மாவுக்கு இருமலே நிக்காது. நீங்க டார்ச் அடிச்சு, 'பாருங்க, போர் நடந்த தடம்'னீங்க. நானும் அண்ணாந்து பாத்தேன். போர்தான் தம்பி. நீங்க ஒண்ணும் தப்பா சொல்லல.

— நக்கல் பண்றீங்களாம்மா? பண்ணுங்க. பண்ண வேண்டியதுதான்.

— அய்யய்ய, இல்ல தம்பி. நான் என்னத்த நக்கல் பண்றது? இங்க இருந்தோம்னு வெளிய சொல்லவே எனக்கு வாய் வந்ததில்ல. விரட்டின அன்னிக்கு சட்டி பானையோட ரோட்டுல நிக்கிறோம். பாக்க வந்தவங்க, 'சமாதிக்குள்ள குடும்பம் நடத்தியிருக்குங்க பாரு'ன்னு மூக்கப் பொத்திக்கிட்டாங்க. அதுக்கப்புறம் எந்த ஊருன்னு யாரு கேட்டாலும் வேற ஊரச் சொல்லிடுவேன். கட்டிக்கிட்டவருக்கே தெரியாது. தெரியாமயே போய்ச் சேர்ந்தாரு. எனக்கும்தான் வெக்கம். உங்க ராஜா மாதிரி.

— இந்தக் கிளிக் கதை இருக்கே, அது நான் சொன்னது இல்லம்மா. எனக்கு முன்னாடி இருந்த கைடுங்க சொல்லிக்கிட்டு இருந்தாங்க. வாய் வழியா வந்தது. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க?

— அப்படியா.

— இல்ல. பொய். இப்பவும் வாயத் தொறந்தா பொய்தான் வருது பாருங்க. நான்தான் கட்டினேன். பெரிய கோபுரத்துலருந்து படிக்கிணறு வரைக்கும் மொட்டை வெயிலும்மா. பாதி வழியில பசங்க அழ ஆரம்பிக்கும், பெரியவங்க முகத்தத் தொங்கப் போட்டுக்குவாங்க, சொல்லாமக் கொள்ளாம திரும்பிடுவாங்க. நடுவுல நிழல்னா இந்த ஒரு மரம்தான். எங்க தொழில்ல நிழல் எங்க இருக்கோ அங்கதான் நிப்போம். நின்னா ஏதாவது சொல்லணும். இங்க சொல்ல ஒண்ணுமே இல்ல. இந்தச் சின்னக் கல்லு மட்டும் கிடந்துச்சு. எங்க எதிர்வீட்டுல ஒரு கிளி, 'கதவச் சாத்து, கதவச் சாத்து'ன்னு நாள் பூரா உயிர எடுக்கும். அதத் தூக்கி ராஜா தலைமாட்டுல வச்சேன். இதுதாம்மா என்னோட சரித்திர ஆராய்ச்சி.

— நிழலுக்காக.

— நிழலுக்காக. அப்புறம் பாருங்க, ஜனங்க கேட்டுக் கேட்டு இலாகாவே ஒரு போர்டு வச்சிட்டாங்க, 'கிளியின் சமாதி'ன்னு. இப்ப எவனாவது சந்தேகப்பட்டா, 'சார், எழுதியே போட்டிருக்கு பாருங்க'ன்னு அந்தப் போர்டையே காட்டறேன். என் பொய்யத்தான் எனக்கே சாட்சிக்குக் கூப்பிடறேன்.

— அந்த மரம் எங்கப்பா வச்சது தம்பி.

— எந்த மரம்? இதா?

— பாப்பாவ இங்க வச்ச மறுநாள். 'சின்ன உடம்பு, வெயில் தாங்காது'ன்னு ஒரு குச்சியக் கொண்டாந்து நட்டாரு. அவளே போயிட்டா, இனிமே வெயில் பட்டா என்ன படாட்டி என்னன்னு யாரோ கேட்டாங்க. அப்பா தினமும் காலங்காத்தால படிக்கிணத்துலருந்து தண்ணி தூக்கிட்டு வந்து ஊத்துவாரு. ஆடுங்க விடாது. இந்தா இந்தப் பக்கமா கொழுந்து விட்டா வந்து கடிச்சிடும். மேஞ்சு மேஞ்சு இந்தப் பக்கம் கிளையே வரல. மரம் அந்தப் பக்கமா சாஞ்சு போச்சு. கயிறு போட்டு இழுத்துக் கட்டிக்கூடப் பாத்தாரு. நிமிரல.

— ஆடு மேஞ்சதுக்குத்தான் நான் கைதட்டல் வாங்கிக்கிட்டு இருக்கேன்.

— எனக்கு அது பிடிச்சிருந்துச்சு தம்பி. தலை குனிஞ்சு நிக்குதுன்னீங்களே. அப்பா கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பாரு.

— வாத்தியாரே! இங்கயா இருக்கீங்க? உங்கள எங்கெல்லாம் தேடறது! அடுத்த குரூப் வந்து கேட்டுல நிக்குது. குடும்பம் குடும்பமா வந்திருக்காங்க, பசங்க வேற ஏகப்பட்டது. காலையில நம்ம சத்தம் எப்படி? தூள் கிளப்பிட்டேன்ல?

— விசில், நீ போ. நான் வரேன்.

— அம்மா யாரு, நம்ம ரசிகையா? அம்மா, அந்தக் கிளியே நான்தாங்க! ஆமா சொல்லிட்டேன்! செவுத்துக்குப் பின்னாலருந்து கேட்டா பாதிதான் கேக்கும். பக்கத்துல கேளுங்க. கீ... ய்ய்ய்... க்! கடைசியில அந்த 'க்' வருது பாருங்க, அதுதான் கழுத்து முறியற இடம். அது படியறதுக்கு எவ்ளோ நாளு பழகினேன் தெரியுமா?

— டேய்! வாய மூடுடா!

— என்ன வாத்தியாரே, வெளியாளுங்க முன்னாடி டேய்ங்கறீங்க?

— போடான்னா போயேன். அவங்கள உக்கார வச்சு டீ குடிக்கச் சொல்லு.

— எங்க உக்கார வைக்கறது? கவுண்டர் முன்னாடி கல் பெஞ்செல்லாம் நிறைஞ்சு கிடக்கு. சரி, சரி, முறைக்காதீங்க. போறேன். நல்லதுக்குக் காலமே இல்ல.

— மன்னிச்சுக்கங்கம்மா. அவனுக்குத் தெரியாது.

— உங்களுக்கும்தான் தெரியாது. பாவம், ஆசையா செஞ்சு காட்டறாரு. நல்லாத்தான் பண்றாரு.

— நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லாதீங்கம்மா. நாலு வார்த்த திட்டிடுங்க. நீங்க நல்லா இருக்குங்கும்போதெல்லாம் கன்னத்துல அறைஞ்ச மாதிரி இருக்கு.

— திட்டறதுக்கு நிக்கல தம்பி. கேக்க வேண்டியது ரெண்டு இருக்கு, அதுக்குத்தான் நின்னேன். படிக்கிணத்தத் தாண்டி, செவுத்தோரமா, எங்க ஆளுங்க எல்லாரும் இருந்தாங்க. தாத்தா, பெரியம்மா, சித்தியோட மூத்த பையன். பாப்பா போன கொஞ்ச நாள்ல அம்மாவும் அங்க போய்ட்டாங்க. பாப்பாவ மட்டும்தான் வீட்டுக்குப் பக்கத்துல இருக்கட்டும்னு இங்க வச்சாங்க. இப்ப அந்த இடம் பூரா புல்லு போட்டு, குழாய் சுத்திச் சுத்தித் தண்ணி அடிக்குது. அங்க இருந்தவங்க எல்லாம் எங்க தம்பி?

— எடுத்துட்டாங்கம்மா.

— யாரு?

— இலாகாவுலருந்து. ராஜா காலத்தது மட்டும் இருக்கணும், பின்னால வந்து சேர்ந்ததெல்லாம் எடுத்துடணும்னு மேலிடத்து உத்தரவு.

— எது ராஜா காலம், எது பின்னாலன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? எல்லாம் ஒரே கல்லாத்தான இருக்கும்?

— அம்மா, வேணாம்.

— சும்மாதான் கேட்டேன்.

— என்னத்தான் கூப்பிட்டாங்க. 'இந்த இடத்த உங்களவிட யாருக்குத் தெரியும், வாங்க, கூட நடங்க'ன்னு அதிகாரி என் தோள்ல கை போட்டாரு. எனக்குத் தலகால் புரியல. இஸ்திரி போட்ட சட்டையப் போட்டுக்கிட்டு முன்னாடி நடந்தேன். இது ராஜா காலம் இல்ல சார். இதுவும் இல்ல. இதுவும் இல்ல. கைய நீட்டி நீட்டிக் காட்டிக்கிட்டே போனேன். பின்னாடியே ஒருத்தன் சுண்ணாம்புல கோடு போட்டுக்கிட்டு வந்தான். அன்னிக்கு ராத்திரி வீட்டுல போய், என்ன கேட்டுத்தான் எல்லாம் செஞ்சாங்கன்னு பெருமையடிச்சேன்.

— ஓ.

— ஏதாவது சொல்லுங்கம்மா.

— அம்மாவோட கல்லு ஒரு ஓரம் உடைஞ்சிருக்கும். தூண் மண்டபத்துலருந்து விழுந்து கிடந்த துண்டு அது. அப்பாதான் உருட்டிக்கிட்டு வந்து வச்சாரு. ஒரு பக்கத்துல பூங்கொடி செதுக்கியிருக்கும். முழுசா இல்ல, பாதிக் கொடி. உங்க கண்ணுல பட்டிருக்குமோ?

— பாதிக் கொடி.

— தெரியுமா?

— தெரியும்மா.

— எங்க இருக்கு? உடைச்சிட்டாங்களா?

— உடைக்கல. கேக்காதீங்கம்மா.

— சொல்லுங்க தம்பி. இத்தன தூரம் வந்துட்டேன்.

— கவுண்டர் முன்னாடி. நல்ல கல்லு, வீணாக்குவானேன்னு எல்லாத்தையும் பெஞ்சாப் போட்டுட்டாங்க. அந்தக் கொடி போட்டது என் பெஞ்சு. குரூப் வர்ற வரைக்கும் அதுலதான் உக்காந்திருப்பேன். அந்த உடைஞ்ச ஓரம் டீ கிளாஸ் வைக்க வசதியா இருக்கும்.

— மரத்தூண் பக்கத்துல, ஓரமா இருக்கே, அதுவா?

— அதேதான்.

— அதுலதான் காலையில நானும் உக்காந்திருந்தேன். செருப்பு வாரு அறுந்திடுச்சு, ஊக்கு குத்திக்கிட்டு இருந்தேன். சுத்தி எல்லாம் சுடுது, அந்தக் கல்லு மட்டும் சில்லுன்னு இருந்துச்சு. எழுந்திருக்கவே மனசு வரல. அம்மா மடியிலதான் உக்காந்திருக்கேன், பாருங்க.

— என்னக் கொல்லாதீங்கம்மா.

— தூண் மண்டபத்துல நீங்க சொன்னீங்களே, இங்க ஒரு தூண் மாதிரி இன்னொரு தூண் இருக்காதுன்னு. ராஜா ஊர்ல இருந்த பழைய கட்டடத்தையெல்லாம் பிரிச்சு, அடுத்தவன் வீட்டுக் கல்லுல தன் வீட்டக் கட்டிக்கிட்டான்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவரு எவனோட கல்லையோ எடுத்தாரு, அவரு கல்ல எங்கப்பா எடுத்தாரு, அப்பா கல்ல இவங்க எடுத்திருக்காங்க. கல்லுக்கு எங்கயும் நிக்கக் குடுத்து வைக்கல போல.

— ராஜாக்கிட்டயாவது ஒரு படை இருந்துச்சும்மா. எங்கிட்ட ஒரு விரல்தான் இருந்துச்சு. அத நீட்டிக்கிட்டே போயிருக்கேன்.

— விடுங்க தம்பி. கண்ணத் தொடைங்க. ஆளுங்க பாக்கறாங்க.

— பாக்கட்டும். நான் இப்பவே ஆபீசுக்குப் போறேன். இது கிளி இல்ல, ஒரு வீட்டுப் பச்சக் குழந்தைன்னு சொல்றேன். அந்தப் போர்டப் புடுங்கிட்டு உங்க தங்கச்சி பேர எழுதி வைக்கச் சொல்றேன். என் வேலையே போனாலும் போகட்டும்.

— வேணாம்! தம்பி, நில்லுங்க. வேணாம்!

— ஏம்மா? இதுக்கு மேலயும் நான் எப்படி...

— அன்னிக்கு அந்த அதிகாரியோட இந்த மரத்தடிக்கு வந்தப்போ என்ன சொன்னீங்க?

— 'இது மட்டும் ராஜாவோட கிளி சார், இதத் தொட்டுடாதீங்க'ன்னேன். நல்ல எண்ணம்னு நினைச்சுடாதீங்கம்மா. இது போச்சுன்னா நான் நிக்கிற நிழல்ல சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காது. அதுக்காகத்தான்.

— எந்த எண்ணமா இருந்தா என்ன? எங்க கூட்டத்துலயே இந்த மண்ணுல மிஞ்சினவ இவ ஒருத்திதான். கிளின்னு நீங்க சொன்னதாலதான் மிஞ்சினா. எங்க பாப்பான்னு போய்ச் சொல்லிப் பாருங்க, நாளைக்கே சுண்ணாம்புக் கோடு போட்டுடுவாங்க. அப்புறம் இவளும் யாருக்காவது பெஞ்சுதான்.

— அப்ப பேராவது...

— பேரு வைக்கறதுக்குள்ள போயிட்டா. பாப்பான்னுதான் கூப்பிட்டோம். கிளியாவே இருந்துட்டுப் போகட்டும்.

— இந்த வாயால இனிமே எப்படிம்மா அந்தக் கதையச் சொல்றது? தினம் தினம்? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு?

— சொல்லித்தான் ஆகணும். நீங்க நிறுத்தினா இவளுக்கு இங்க இடமில்ல. கஷ்டம்தான். ஆனா சொல்லுங்க. உங்களுக்கு அப்புறம் வர்றவருக்கும் சொல்லிக் குடுங்க.

— அடிச்சிருந்தீங்கன்னா வாங்கிட்டுப் போயிருப்பேன்.

— ரெண்டு கேக்கணும்னேன்ல. இன்னொண்ணு பாக்கி இருக்கு. அதுக்குத்தான் முதல்ல உங்கள மறுபடி சொல்லச் சொன்னேன், என் காதுல சரியா விழுந்துச்சான்னு.

— கேளுங்கம்மா.

— அந்தக் கழுத்தத் திருகற இடம் மட்டும் வேணாம் தம்பி. அத எடுத்துடுங்க. தூக்கத்துலயே போயிடுச்சுன்னு சொல்லிடுங்க.

— பாப்பா... தூக்கத்துலயா போச்சு?

— இல்ல. காய்ச்சல். ராத்திரி பூரா கத்தினா. அம்மா எழுந்திருக்க முடியாமக் கிடந்தாங்க, மடியில போட்டுக்கிட்டு இருந்தது நான்தான். எனக்கே அப்ப சின்ன வயசு. தூங்கு தூங்குன்னு ஆட்டிக்கிட்டே இருக்கேன், தூங்கவே இல்ல. விடியறப்போ குரலே தேஞ்சு போச்சு. கடைசியா ஒரு சத்தம் வந்துச்சு. உங்க ஆளு இப்ப செஞ்சு காட்டினாரே, அதே மாதிரி.

— ஐயோ, அம்மா!

— அவரத் திட்டாதீங்க. அவருக்கு என்ன தெரியும்? கதையிலயாவது நல்லா தூங்கட்டும்னுதான் கேக்கறேன். வேற ஒண்ணுமில்ல.

— வாத்தியாரே! யாரும் வெயில்ல நிக்க மாட்டேங்கறாங்க, நேரா நிழலுக்கே ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். இன்னிக்குக் கிளியிலருந்தே ஆரம்பிச்சிடுங்க. நான் செவுத்துக்குப் பின்னால போறேன்.

— விசில், போகாத. சத்தம் வேணாம்.

— சத்தம் இல்லாம கிளி எப்படி வாத்தியாரே சாகும்?

— இங்கயே நில்லு. இனிமே அந்தச் சத்தம் எப்பவும் வேணாம். வாங்க எல்லாரும், இப்படி நிழலுக்கு வாங்க. அம்மா, நீங்க எங்க போறீங்க, முன்னாடி வந்து நில்லுங்க. சார், அந்தப் பையனக் கல்லு மேலருந்து இறக்கி விட்டுடுங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.

— ஏங்க, இங்க என்ன இருக்கு?

— ராஜா வீட்டுக் கிளி ஒண்ணு இருக்கு சார். ராத்திரி பூரா கத்திட்டு, இப்பத்தான் தூங்குது.